மூடிய விமானத்தளம், கசிந்த எரிபொருள்: தோண்டுவதா, காற்றூட்டுவதா, இறைப்பதா, இயற்கையிடம் விடுவதா?

1988, 1991, 1993, 1995, 2005 என ஐந்து சுற்றுகளில் அமெரிக்கா தன் ராணுவத் தளங்கள் பலவற்றை மூடியது. கொடி இறங்கியதும் ஓடுபாதை ஊர் நிர்வாகத்தின் கைக்கு வந்தது, விமானக் கொட்டகைகள் சரக்குக் கிடங்குகளாயின, அலுவலர் குடியிருப்புகளுக்கு வாடகைதாரர்கள் வந்தார்கள். விமானங்கள் நிறுத்தும் பகுதியின் கான்கிரீட்டுக்கு அடியில் நாற்பது ஐம்பது ஆண்டுகளாகக் கசிந்த எரிபொருள் மட்டும் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

இதைச் சுத்தம் செய்யும் முறைகள் புதியவை அல்ல. தோண்டி அகற்றலாம். மண்ணுக்குள் காற்றைச் செலுத்தியோ ஆவியை உறிஞ்சியோ குறைக்கலாம். நீர்மட்டத்தில் மிதக்கும் எண்ணெயை இறைக்கலாம். மண்ணின் நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதை அளந்துகொண்டே காத்திருக்கலாம். எதைத் தேர்வது என்ற கூட்டங்களில் பேச்சு மலிவான முறை எது என்றே தொடங்குகிறது. அங்கேதான் பல திட்டங்கள் தடம் மாறுகின்றன. எண்ணெய் இப்போது மண்ணுக்குள் எந்த வடிவில், எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாமல் எந்த முறைக்கும் விலை சொல்ல முடியாது.

## தொட்டியை முதலில் முடியுங்கள்

கசிவின் வாயை அடைக்காமல் மண்ணைச் சுத்தம் செய்வது வீண். கட்டடத்தின் அடித்தளத்துக்குக் கீழே இருந்தாலொழிய தொட்டியை வெளியே எடுத்துவிடுவதே நல்லது. உள்ளேயே விட்டு மணலோ சிமென்ட் குழம்போ நிரப்பினால் செலவு குறையும். ஆனால் தொட்டியின் அடிவயிற்றுக்குக் கீழே உள்ள மண்ணைப் பார்க்கும் வாய்ப்பு கைவிட்டுப் போகும். கசிவு பெரும்பாலும் இருப்பது அங்கேதான்.

எடுக்கும்போது வரிசை முக்கியம். எரிபொருளையும் அடிக்கசடையும் முழுக்க உறிஞ்ச வேண்டும். பிறகு ஆயிரம் லிட்டர் கொள்ளளவுக்குச் சுமார் 1.8 கிலோ உலர்பனிக்கட்டி போட்டு உள்ளிருக்கும் ஆக்சிஜனை விரட்ட வேண்டும். வாயு அளவி கொண்டு தொட்டியின் மேல், நடு, அடி மூன்றிலும் பார்க்க வேண்டும். ஆவி தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தொட்டியைத் தூக்கக்கூடாது. ஆக்சிஜன் குறைந்த தொட்டிக்குள் தலையை நீட்டினாலே உயிர் போகலாம் என்பதை வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சொல்லியே ஆக வேண்டும்.

ராணுவத் தளங்களில் தொட்டியைவிடக் குழாய்களே பெரிய தலைவலி. விமானங்களுக்கு நேரடியாக எரிபொருள் நிரப்பும் ஹைட்ரண்ட் குழாய்கள் கான்கிரீட்டுக்கு அடியில் நெடுந்தூரம் ஓடுகின்றன. இவையும், இடத்திலேயே கட்டப்பட்ட பெருந்தொட்டிகளும், 1988-ல் வந்த நிலத்தடித் தொட்டி விதிகளில் பெரும்பாலானவற்றிலிருந்து 2015 வரை விலக்கி வைக்கப்பட்டிருந்தன. அதனால் கசிவுக் கண்காணிப்புப் பதிவே இல்லாத குழாய்கள் இருக்கின்றன. பழைய வரைபடத்தை நம்பி நின்றுவிடாமல் மின்காந்தக் கருவியாலும் தரை ஊடுருவும் ரேடாராலும் குழாய்த் தடத்தைத் தேடிய பிறகே கிணறு போடுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

என்ன எரிபொருள்? அமெரிக்க விமானப்படை 1950-களின் தொடக்கத்திலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை ஜேபி-4 என்ற ஜெட் எரிபொருளைப் பயன்படுத்தியது. அது பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கலந்தது. பென்சீன் உண்டு, எளிதில் ஆவியாகும். பின்னால் வந்த ஜேபி-8 மண்ணெண்ணெய் வகை, ஆவியாவது குறைவு. கடற்படையின் ஜேபி-5 இன்னும் தயங்கித்தான் ஆவியாகும். அதற்கும் முந்தைய ஈயம் கலந்த விமானப் பெட்ரோலாக இருந்தால், ஈயத்தோடு அதில் சேர்க்கப்பட்ட நச்சுப்பொருளான எத்திலீன் டைபுரோமைடைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். அதற்கான குடிநீர் வரம்பு லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம்; பென்சீனுக்கு 5. அதாவது நூறு மடங்கு கடுமை. திருகோணமலை சீனக்குடாவில் பிரிட்டிஷ் கடற்படை கட்டிய தொட்டிகளைப் போலக் கப்பல்களுக்கான கனமான எண்ணெய் வைத்திருந்த இடம் என்றால் கணக்கே வேறு. அத்தகைய எண்ணெய் சிந்திய மண்ணில் ஆவி உறிஞ்சும் கருவி நாள் முழுக்க ஓடினாலும் வெறும் காற்றுதான் வரும்.

எண்ணெய் எங்கே தங்கியிருக்கிறது? மூன்று இடங்கள்: நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண் துளைகளில் ஒட்டியது, நீர்மட்டத்தில் மிதப்பது, நீரில் கரைந்தது. ஒவ்வொன்றுக்கும் வேறு மருந்து. நீர்மட்டம் ஏறி இறங்கும்போது மிதக்கும் எண்ணெய் சுவரில் எண்ணெய் பூசியதுபோல மண்ணில் ஒட்டிக்கொண்டே போகும். இந்தப் பூசிய அடுக்கே பல ஆண்டுகளுக்கு நீரில் பென்சீனைக் கசியவிடும் ஊற்று.

மண்ணும் நீரும். மணலா களிமண்ணா, நீர்மட்டம் எத்தனை மீட்டரில், நீரோட்டத் திசையில் அடுத்த குடிநீர்க் கிணறு எவ்வளவு தூரத்தில்.

நிலம் யாருக்கு, எப்போது? சரக்குக் கிடங்குக்கு ஒரு தரம், பள்ளிக்கூடத்துக்கு வேறு தரம்.

வேறு என்ன கலந்திருக்கிறது? இதுதான் பலர் கடைசியில் கேட்டு மாட்டிக்கொள்ளும் கேள்வி. அமெரிக்காவின் 1980-ஆம் ஆண்டு மாசுநிலச் சட்டமான சூப்பர்ஃபண்ட், எரிபொருளைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. வெறும் எரிபொருள் கசிவு நிலத்தடித் தொட்டி விதிகளின்படி நடக்கும். இயந்திரம் கழுவப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் என்ற குளோரின் கரைப்பான் அதோடு கலந்திருந்தால் அந்த இடம் சூப்பர்ஃபண்ட் நடைமுறைக்குள் போய்விடும். காலக்கெடு, ஒப்புதல் தரும் அலுவலகம், செலவு எல்லாமே மாறும்.

## தோண்டி அகற்றுதல்

எல்லோருக்கும் புரிகிற முறை. குழி தெரிகிறது, லாரி போகிறது, ஆய்வக அறிக்கை வருகிறது, நிலம் கைமாறுகிறது. களிமண்ணுக்கு இதுவே பெரும்பாலும் ஒரே வழி. மாசு ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குள் நின்று, நீர்மட்டம் அதற்குக் கீழே இருந்தால் சில வாரங்களில் வேலை முடியும். சான்பிரான்சிஸ்கோவின் பிரசீடியோ தளம் 1994-ல் தேசியப் பூங்காவானது. 1999 ஒப்பந்தத்தில் சுமார் 10 கோடி டாலருடன் சுத்திகரிப்புப் பொறுப்பு ராணுவத்திடமிருந்து பிரசீடியோ அறக்கட்டளைக்கு மாறியது. மக்கள் நாள்தோறும் நடமாடும் அப்படிப்பட்ட இடத்தில் ஆழமில்லாத மாசைத் தோண்டி எடுப்பதற்கு இணையான மாற்று இல்லை.

செலவு ஒளிந்திருப்பது சரிவில். அடிப்பரப்பு 20 மீட்டருக்கு 15 மீட்டர், ஆழம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 1,500 கன மீட்டர். ஆனால் இளகிய மண்ணில் சுவர் சரியாமல் இருக்க, அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதிப்படி ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் வெளியே சரித்து வெட்ட வேண்டும். மேற்பரப்பு 35-க்கு 30 ஆகிவிடும். உண்மையில் புரட்டும் மண் சுமார் 3,190 கன மீட்டர், இரு மடங்குக்கும் மேல். மாசு மண் மட்டுமே 2,500 டன் வரும். 15 டன் லாரியில் 165 நடைக்கு மேல். தோண்டியதும் மண் 20 முதல் 30 சதவீதம் உப்பும் என்பதால் குவித்து வைக்கும் இடமும் அதற்கேற்ப வேண்டும். சரிவுக்காக வெட்டும் நல்ல மண்ணைத் தனியே குவித்து, சோதித்து, திரும்ப நிரப்பினால் பாதிச் சுமை குறையும். அவசரத்தில் இரண்டையும் ஒரே குவியலில் கொட்டிவிட்டால் அத்தனையும் மாசு மண்ணாகக் கணக்கில் ஏறும். இந்த ஒரு தவறுதான் தோண்டும் வேலைகளில் அதிகப் பணத்தைக் கரைக்கிறது.

ஆழம் 20 அடியைத் தாண்டினால் பதிவுபெற்ற பொறியாளரின் வடிவமைப்பு இல்லாமல் குழியில் ஆள் இறங்கக்கூடாது. குழியில் நீர் ஊறினால் அதையும் சுத்திகரித்துத்தான் வெளியே விட முடியும். குழாய்த் தடத்தை ஒட்டிப் பரவிய மாசு தோண்டத் தோண்டப் போய்க்கொண்டே இருக்கும். எந்த அளவில் நிறுத்துவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் இயந்திரத்தை இறக்காதீர்கள்.

## மண்ணுக்குக் காற்று: ஆவி உறிஞ்சலும் உயிர்க்காற்றூட்டலும்

கருவி ஒன்றே: கிணறு, குழாய், ப்ளோவர். நோக்கம் வேறு. வேகமாக இழுத்தால் எரிபொருள் ஆவியாக மேலே வரும். அது ஆவி உறிஞ்சல். மெதுவாகக் காற்றை உள்ளே அனுப்பினால் மண்ணின் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் கிடைத்து எரிபொருளை அவை அங்கேயே சிதைக்கும், அது உயிர்க்காற்றூட்டல். நீர்மட்டத்துக்கு மேலே மணற்பாங்கான மண் இருந்தால் மூடிய விமானத்தளங்களுக்கு எங்கள் முதல் தேர்வு இரண்டாவதுதான். காரணம் எளிய கணக்கு.

ஒரு கிலோ எரிபொருள் முழுமையாகச் சிதையச் சுமார் 3.5 கிலோ ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்த நீரைப் பாய்ச்சி இதைக் கொடுக்க நான்கு லட்சம் லிட்டருக்கு மேல் தேவை. காற்றாகக் கொடுத்தால் சுமார் 13 கன மீட்டர் போதும். 5,000 கன மீட்டர் மண்ணில் கால் பங்கு காற்றுத் துளை என்றால், அந்தக் காற்றை நாளுக்கு ஒரு முறை மாற்ற நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர்கூட வேண்டாம். சிறிய ப்ளோவர் ஒன்று இதைச் செய்துவிடும்.

இது வெறும் கணக்கு மட்டும் அல்ல. யூட்டா மாநிலத்தின் ஹில் விமானத்தளத்தில் 1985 ஜனவரியில் சுமார் 27,000 காலன் ஜேபி-4 சிந்தியது. 1988 இறுதியில் அங்கே ஆவி உறிஞ்சலாகத் தொடங்கிய வேலை, காற்றின் வேகத்தைக் குறைத்தபோது சிதைவின் பங்கு கூடியதைக் காட்டியது. பிறகு விமானப்படை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இந்த முறையைச் சோதித்தது. கடுங்குளிரான அலாஸ்காவின் ஐல்சன் தளத்தில் மண்ணைச் சூடாக்கியும் பார்த்தார்கள். வெப்பம் 10 பாகை கூடினால் சிதைவு வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். உரம் சேர்ப்பதால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. எனவே விலைப்பட்டியலில் 'ஊட்டச்சத்து' என்று தனி வரி இருந்தால், களச் சோதனை முடிவைக் கேளுங்கள்.

ஒப்பந்தத்துக்கு முன் செய்ய வேண்டியது மூச்சுச் சோதனை. ஹீலியம் ஓரிரு சதவீதம் கலந்த காற்றை ஒரு நாள் செலுத்தி நிறுத்துங்கள். பிறகு சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஆக்சிஜன், கரியமில வாயு, ஹீலியம் மூன்றையும் அளவிடுங்கள். ஹீலியம் நிலைத்திருக்க ஆக்சிஜன் மட்டும் இறங்கினால் நுண்ணுயிர்கள் உண்கின்றன என்று பொருள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் குழாயில் கசிவு. நாளுக்கு ஒரு சதவீதம் ஆக்சிஜன் குறைந்தால் ஒரு கிலோ மண்ணில் சுமார் 0.7 மில்லிகிராம் எரிபொருள் சிதைகிறது. நாளுக்கு 5 சதவீதம் என்றால், கிலோவுக்கு 5,000 மில்லிகிராம் மாசு தீர ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். கடைசி ஆண்டு இழுக்கும். இலகுவானவை முதலில் போய், சிதைக்கக் கடினமானவை மிஞ்சும்.

கெடுவது எங்கே? களிமண்ணில் காற்று போகாது. கிணற்று வாயைச் சுற்றி பெண்டோனைட் களிமண் அடைப்பு சரியாக இல்லாவிட்டால் காற்று பக்கத்திலேயே மேலே வந்துவிடும். பழைய கேபிள் பள்ளங்களும் அதே குறுக்கு வழியைத் தரும். கட்டடம் பக்கத்தில் இருந்தால் காற்றை உள்ளே தள்ளவே கூடாது, ஆவி அடித்தளத்துக்குள் புகும். அங்கே உறிஞ்சுவது மட்டுமே சரி. மிதக்கும் எண்ணெய் இருக்கும்போது நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைப் பாய்ச்சினால் எண்ணெய் பக்கவாட்டில் ஓடிப் பரவும்.

ஆவி உறிஞ்சலை ஜேபி-4, விமானப் பெட்ரோல் போன்றவற்றுக்கு, அதுவும் அவசரம் இருந்தால் எடுங்கள். அதன் மறைந்த செலவு வெளிவரும் ஆவியைச் சுத்திகரிப்பது. ஆவி வடிகட்டியில் உள்ள கார்பன் தன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆவியைத்தான் பிடிக்கும். நாளுக்கு நூறு கிலோ எரிபொருள் வந்தால் நாளுக்கு ஒரு டன் கார்பன் போகும். தொடக்க மாதங்களில் எரிப்பான் வாடகைக்கு எடுத்து, அளவு குறைந்ததும் கார்பனுக்கு மாறுவது கட்டுபடியாகும். அளவீடு இறங்கியதும் வேலை முடிந்ததென்று கையெழுத்திட்டுவிடாதீர்கள். சில வாரங்கள் நிறுத்திவிட்டு மறுபடி அளந்தால் பல இடங்களில் ஆவி மீண்டும் ஏறும்.

## இறைத்தல்

கண்காணிப்புக் கிணற்றில் எண்ணெய் தெரிந்தால், நடைமுறைக்கு இயன்ற அளவு அதை எடுத்தே ஆக வேண்டும் என்பது அமெரிக்க விதி. எடுக்கத்தான் வேண்டும், ஆனால் இதுவே சுத்திகரிப்பு என்று நினைப்பது தவறு. எவ்வளவு இறைத்தாலும் மண் துளைகளில் ஒட்டியது வராது.

கிணற்றில் ஒரு மீட்டர் எண்ணெய் நின்றாலும் வெளியே மண்ணில் ஒரு மீட்டர் முழுக்க எண்ணெய் இருப்பதாகப் பொருள் இல்லை. துளைகளில் நீரும் காற்றும் பங்கு போட்டிருக்கும். நீர்மட்டம் ஏறிய பருவத்தில் எண்ணெய் கிணற்றிலிருந்து மறைந்து, வறண்ட பருவத்தில் திரும்ப வரும். ஈரமான மாதத்தில் அளந்து 'எண்ணெய் இல்லை' என்று கோப்பை மூடியவர்கள் பின்னால் வருந்தியிருக்கிறார்கள்.

தடிமனை விட்டுவிட்டு, எண்ணெய் எவ்வளவு வேகமாகக் கிணற்றுக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். எண்ணெயை மொண்டு எடுத்துவிட்டு, அது மறுபடி ஊறும் வேகத்தைக் குறித்துக் கடத்துதிறனை, அதாவது எண்ணெய் மண் வழியே நகரும் திறனை, கணக்கிடலாம். நாளுக்கு 0.1 முதல் 0.8 சதுர அடி என்ற எல்லைக்குக் கீழே வந்துவிட்டால் இறைப்பதில் பயனில்லை, காற்றூட்டலுக்கு மாறலாம். அலூஷியன் தீவுகளின் அடாக் கடற்படைத் தளம் 1997-ல் மூடப்பட்டது. அங்கே பல இடங்களில் மிதக்கும் எண்ணெயை மீட்டார்கள். தோண்டினால் மண்ணைக் கப்பலேற்ற வேண்டிய தீவில் அந்த முறை பொருத்தமானது.

நீரையும் சேர்த்து வேகமாக இறைத்தால் நீர்மட்டம் இறங்கி, எண்ணெய் அதுவரை தொடாத மண்ணிலும் பூசிக்கொள்ளும். அது சுத்திகரிப்பே செய்யும் சேதம். கரைந்த மாசுக்காக நீரை இறைத்துச் சுத்திகரிப்பது, குடிநீர்க் கிணற்றை நோக்கி மாசு நகரும்போது அரண் கட்ட மட்டும் சரி.

## இயற்கையிடம் விட்டு அளந்துகொண்டிருத்தல்

இதைச் சும்மா இருப்பதாக நினைக்கிறவர்களும் உண்டு, செலவில்லாத வரமாக நினைக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே பிழை. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1995-ல் கலிஃபோர்னியாவின் கசிந்த தொட்டி இடங்களை ஆராய்ந்தபோது, பென்சீன் படர்வு பெரும்பாலும் 250 அடி அளவிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. நுண்ணுயிர்கள் ஆக்சிஜனையும், அது தீர்ந்தபின் நைட்ரேட், இரும்பு, சல்பேட் ஆகியவற்றையும் கொண்டு சிதைக்கின்றன; கடைசியில் மீத்தேன் உண்டாகிறது. எத்திலீன் டைபுரோமைடு போன்றவை இந்தக் கணக்குக்கு அடங்காமல் நெடுந்தூரம் ஓடும்.

ஏற்கத்தக்க சான்று என்பது மூன்று: பல பருவங்களில் படர்வு சுருங்குவது அல்லது நிலைத்திருப்பது, மேற்சொன்ன வேதிப்பொருள்கள் மாசின் நடுவே குறைந்தும் மீத்தேன், கரைந்த இரும்பு கூடியும் இருப்பது, மேலேறும் கரியமில வாயுவை அளந்து இழப்பு வேகத்தைக் கணக்கிடுவது. ஊற்றான எண்ணெயை அகற்றாமல் இதைத் தேர்ந்தால் காத்திருப்பு பல பத்தாண்டுகளாகும். அத்தனை ஆண்டும் கிணறுகளைக் காப்பது, மாதிரி எடுப்பது, நிலத்தில் கிணறு தோண்டத் தடை விதிப்பது எல்லாமே செலவு. புதிய உரிமையாளர் சாலை போடும்போது கண்காணிப்புக் கிணற்றைப் புதைத்துவிடுவது வழக்கமாக நடப்பது.

நியூயார்க் மாநிலத்தில் 1995-ல் மூடிய பிளாட்ஸ்பர்க் தளம் ஒரு முக்கியமான பாடம். அதன் தீயணைப்புப் பயிற்சிக் களத்தில் எரிபொருளும் டிரைகுளோரோஎத்திலீனும் கலந்திருந்தன. எரிபொருளைத் தின்ற நுண்ணுயிர்களே ஆக்சிஜன் இல்லாத சூழலை உண்டாக்கி, குளோரின் சேர்மத்தையும் படிப்படியாக உடைத்தன. அங்கே எரிபொருளை மட்டும் அவசரமாக அகற்றினால் அந்த உடைப்பு நிற்கும். உடைப்பின் இடையில் உண்டாகும் வினைல் குளோரைடுக்குக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம், மூலமான டிரைகுளோரோஎத்திலீனுக்கு 5. கலப்பு மாசு இருந்தால் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்க்காமல் எந்தக் கருவியையும் இயக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | தோண்டல் | காற்று முறைகள் | இறைத்தல் | அளந்து காத்திருத்தல் |
|---|---|---|---|---|
| பொருந்தும் மண் | எதுவும் | மணல், சரளை | மணல், சரளை | எதுவும் |
| எதைத் தீர்க்கும் | ஆழமில்லாத மண் மாசு | நீர்மட்டத்துக்கு மேல் ஒட்டியது | மிதக்கும் எண்ணெய் | கரைந்த மிச்சம் |
| காலம் | வாரங்கள், மாதங்கள் | சில ஆண்டுகள் | எண்ணெய் ஊறும் வரை | பத்தாண்டுகள் |
| மறைந்த செலவு | சரிவு, ஊறும் நீர் | ஆவிச் சுத்திகரிப்பு, மறு எழுச்சி | எண்ணெய் கலந்த நீர், பூசிய அடுக்கு | கிணறு பராமரிப்பு, நிலத் தடைகள் |
| தவிர்க்க வேண்டிய இடம் | 6 மீட்டருக்கு மேல் ஆழம், கட்டட அடி | களிமண், கனமான எண்ணெய் | கடத்துதிறன் குறைந்த இடம் | அருகில் குடிநீர்க் கிணறு |

பெரும்பாலான தளங்களுக்கு ஒரே முறை போதாது. தொட்டியடி மண்ணைத் தோண்டி, மிதக்கும் எண்ணெயை எல்லை தொடும் வரை இறைத்து, மீதிக்குக் காற்றூட்டி, கரைந்த வாலை இயற்கையிடம் விடுவது நடைமுறையில் நின்று பலன் தரும் வரிசை. ஆறு மாதத்தில் நிலம் பள்ளிக்கோ வீட்டுக்கோ போகிறது என்றால் தோண்டலுக்கு அதிகப் பங்கு கொடுங்கள். ஓடுபாதையாகவே தொடரப் போகிறது என்றால் கான்கிரீட்டை உடைக்க வேண்டாம். அந்தக் கான்கிரீட் தரையே காற்றூட்டலுக்கு நல்ல மூடி.

எந்த முறைக்கும் கையெழுத்திடும் முன் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. தீயணைப்பு நுரையிலிருந்து வந்த, எளிதில் சிதையாத ஃப்ளூரின் சேர்மங்களான பி.எஃப்.ஏ.எஸ். மிச்சிகன் மாநிலத்தின் வர்ட்ஸ்மித் தளம் 1993-ல் மூடப்பட்டது. அந்தச் சேர்மங்கள் அங்கே கண்டறியப்பட்டது 2010-ல். காற்றூட்டலும் காத்திருப்பும் அவற்றைத் தொடாது. இறைத்த நீரிலும் குழியில் ஊறிய நீரிலும் அவை இருந்தால், எரிபொருளுக்காக வடிவமைத்த கார்பன் தொட்டி போதாது. 2024-ல் அமெரிக்கா இவற்றில் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். என்ற இரண்டுக்கும் விதித்த குடிநீர் வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். முதல் சுற்று நீர் மாதிரியிலேயே இதற்கும் ஒரு புட்டி நிரப்பி அனுப்புங்கள். மாதிரி எடுப்பவர் நீர் புகாத பூச்சுள்ள மழைச்சட்டை அணியாமலும், டெஃப்லான் குழாய் பயன்படுத்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றிலிருந்தே அந்தச் சேர்மம் மாதிரிக்குள் வந்துவிடும்.